கப்பல் போகாத கிளை

அலாஸ்காவின் தென்கிழக்கில் இருக்கும் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மண்ணில் கால் வைப்பதே இல்லை. காலையில் பெரிய சொகுசுக் கப்பலில் குடாவுக்குள் நுழைகிறார்கள், நண்பகல் வாக்கில் ஒரு பனியாற்றின் முன் நிற்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிடுகிறார்கள். பூங்காவுக்குள் கப்பல் எந்தத் துறையிலும் கட்டப்படுவதில்லை. இந்த ஒன்பது பத்து மணி நேரத்தைத்தான் பனியாறு காணும் பயணங்களிலேயே சிறந்ததென்று பலர் சொல்கிறார்கள். காட்சியின் அழகைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. எனக்குள்ள கேள்வி வேறு: ஒரு பனியாறு எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பதை அறிந்துகொள்ள அந்த நாள் உதவுகிறதா? அதற்காக நாம் கொடுக்கும் விலை தகுமா?

முதலில் இடத்தின் கதை. 1750 வாக்கில் இந்தக் குடாவே கிடையாது. சில இடங்களில் 1,200 மீட்டருக்கும் மேல் தடிமன் கொண்ட ஒரே பனிப் பாளம் பள்ளத்தாக்கு முழுவதையும் நிறைத்துக்கொண்டு கடல்வரை வந்து நின்றது. வரும் வழியில், அங்கே வாழ்ந்திருந்த ஹூனா டிலிங்கிட் மக்களின் ஊர்களை அழித்து அவர்களை வெளியேற்றியது. 1794-இல் பிரிட்டிஷ் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் பயணக்குழுவினர் கரையோரத்தை அளந்துகொண்டு வந்தபோது கரையில் எட்டு கிலோமீட்டர் அளவுக்கு ஓர் உட்குழிவையும் அதற்குப் பின்னால் பனிச்சுவரையும்தான் கண்டார்கள். 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் டிலிங்கிட் வழிகாட்டிகளின் படகில் வந்து சேர்ந்தார். அதற்குள் பனி அறுபது கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்று குடாவின் நீளம் ஏறக்குறைய 105 கிலோமீட்டர். எழுதப்பட்ட வரலாற்றுக் காலத்துக்குள் இத்தனை வேகமாகப் பனி விலகிய இடங்கள் உலகில் மிகச் சில.

கப்பல் இந்த வரலாற்றின் மேல்தான் போகிறது. பார்ட்லெட் கோவ் என்ற சிறு விரிகுடா அருகே ஒரு சிறு படகு பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்ள, பூங்காவின் ரேஞ்சர்கள் ஏணி வழியாக ஏறி வருகிறார்கள். அன்று முழுவதும் ஒலிபெருக்கி அவர்கள் கையில். குடாவின் வாயில் கரை முழுக்க ஸ்ப்ரூஸ் மரக்காடு, இருண்டு அடர்ந்து நிற்கிறது. வடக்கே போகப் போகக் காடு மெலிகிறது. ஆல்டர் புதர்கள் வருகின்றன. பிறகு பாறையோடு ஒட்டிக் கிடக்கும் பாசியும் டிரையஸ் என்னும் தரையொட்டிய செடியும். கடைசியில் ஒன்றுமில்லாத பாறை. பனி எங்கே முதலில் விலகியதோ அங்கே காடு முதிர்ந்திருக்கிறது, எங்கே கடைசியில் விலகியதோ அங்கே இன்னும் மண்ணே உருவாகவில்லை. டிரையஸும் ஆல்டரும் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்துவைத்து, பின்னால் வரும் மரங்களுக்கு வழி செய்கின்றன. வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர் 1916-இல் இங்கே சிறுசிறு சதுரங்களைக் குறித்துவைத்து, அவற்றில் எந்தச் செடி எப்போது வருகிறதென்று பதிவுசெய்யத் தொடங்கினார். அந்தச் சதுரங்களை நூறாண்டு கடந்தும் ஆய்வாளர்கள் தேடிப்போய் அளக்கிறார்கள். 1925-இல் இந்த இடம் தேசிய நினைவிடமாகப் பாதுகாக்கப்பட்டதற்கு கூப்பரும் அவருடைய சக சூழலியலாளர்களும் கொடுத்த அழுத்தம் முக்கியக் காரணம்.

இருநூற்றைம்பது ஆண்டுகளின் மண் வரலாற்றைச் சில மணி நேரத்தில் கண்ணால் வாசித்துவிடலாம். இப்படி ஒரு வாய்ப்பைத் தரும் கப்பல் வழி வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாளின் ஆகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஆனால் அது காலைச் சிற்றுண்டி வேளையில் வந்துவிடுகிறது. பனியைக் காணவென்று வந்தவர்கள் பனி வரட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். தளத்தில் அப்போது ஆள் குறைவு.

நண்பகல் நெருங்கும்போது கப்பல் டார் என்ற கிளையின் கடைக்கோடியை அடைகிறது. எதிரே மார்ஜரி பனியாறு. 34 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அகலம். முகப்பு, நீருக்கு மேல் 75 மீட்டர் உயரம். அரை கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாகக் கப்பலை நிறுத்துகிறார்கள். அந்தத் தூரத்தில் நின்று பார்த்தால் சுவர் ஒரே நிறமாக இல்லை. வெயில் பட்ட விளிம்பு சாம்பல் வெண்மை, பிளவின் உட்புறம் அடர்நீலம். நெருக்குண்டு காற்றுக்குமிழிகள் வெளியேறிய பழைய பனி ஒளியின் சிவப்பை உறிஞ்சிவிடுவதால் வரும் நீலம் அது. முதலில் விரல்நுனி அளவு துகள்கள் உதிர்வது போலத் தெரிகிறது. அந்தத் துகள் ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு. பிறகு ஒரு தூண் மெல்லச் சாய்ந்து நீருக்குள் இறங்குகிறது, சத்தமே இல்லாமல். ஒன்றரை நொடி கழித்துத்தான் முழக்கம் வந்து சேர்கிறது. டிலிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்கிறார்கள். நீர் கலங்கியதும் பக்கத்துப் பாறையில் கூடு வைத்திருக்கும் கிட்டிவேக் பறவைகள் கூட்டமாக இறங்கி, மேலே தள்ளப்பட்டுவந்த சிற்றுயிர்களைக் கொத்துகின்றன. கப்பல் நின்ற இடத்திலேயே மெதுவாக வட்டமடிக்கிறது. இரு பக்கத்து அறைக்காரர்களுக்கும் காட்சி கிடைக்கவேண்டும் அல்லவா.

அதே இடத்தில், மார்ஜரிக்குப் பக்கத்திலேயே, கறுப்பும் பழுப்புமாக ஒரு சரிவு இருக்கிறது. சரளைக்கல் மேடு என்றே பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதுதான் கிராண்ட் பசிபிக் பனியாறு. மார்ஜரியைவிட அகலமானது. மலைச்சரிவுகளிலிருந்து விழுந்த கல்லும் மண்ணும் மூடிக்கிடப்பதால் பனி கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் குடாவின் பெரும்பகுதியைச் செதுக்கியது இந்தப் பனியாறுதான். வந்த கேமராக்கள் எல்லாம் இடப்பக்கத்து நீலச்சுவரை நோக்கியே திரும்பியிருக்கின்றன, வலப்பக்கத்தில் இடத்தை உண்டாக்கியவன் பெயர் தெரியாமல் கிடக்கிறான். இதில் பயணிகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. காட்டுகிறவர்கள் அதைக் காட்ட இன்னும் மெனக்கெட வேண்டும்.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். இந்த நாள் நமக்குக் காட்டுவது நலமாயிருக்கும் பனியாறுகளை. மார்ஜரிக்கும், அதற்குத் தெற்கே உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாற்றுக்கும் உணவு ஃபேர்வெதர் மலைத்தொடரிலிருந்து வருகிறது. அதன் தலைமைச் சிகரம் 4,671 மீட்டர். பசிபிக் கடலிலிருந்து 25 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் அவ்வளவு உயரம் எழுந்து நிற்பதால் கடற்காற்றின் ஈரம் முழுவதும் அங்கே பனியாகக் கொட்டுகிறது. அதனால்தான் மற்றவை சுருங்கிய பல பத்தாண்டுகளில் மார்ஜரி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முன்னேறக்கூடச் செய்தது. மார்ஜரியும் அண்மை ஆண்டுகளில் மெலியத் தொடங்கிவிட்டது. ஆனாலும் கப்பலிலிருந்து பார்ப்பவருக்கு அது கம்பீரமாகத்தான் தெரியும்.

குடா நடுவில் இரண்டாகப் பிரிகிறது. கப்பல்கள் மேற்குக் கிளையில் போகின்றன. கிழக்குக் கிளையில் இருக்கிறது மியூர் பனியாறு. 1880-களில் முதல் நீராவிக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்தது இதைக் காணத்தான். 1899-இன் பெரும் நிலநடுக்கம் அதன் முகப்பை நொறுக்கிக் குடாவைப் பனிக்கட்டிகளால் அடைத்தது, கப்பல்கள் நெருங்க முடியாமல் போயிற்று. பின்னாளில் நடந்தது இன்னும் பெரிது. 1941 ஆகஸ்டில் வில்லியம் ஃபீல்ட் என்ற பனியாற்று ஆய்வாளர் ஒரு மேட்டில் நின்று மியூர் பனியாற்றைப் படம் எடுத்தார். 2004 ஆகஸ்டில் புரூஸ் மோல்னியா என்ற ஆய்வாளர் அதே மேட்டில் நின்று மறுபடி எடுத்தார். முதல் படத்தில் சட்டகம் முழுக்கப் பனி. இரண்டாவதில் நீலநீர், பச்சைச் சரிவு, தூரத்தில் ஒரு வெண்கீற்று. இடைப்பட்ட 63 ஆண்டுகளில் முகப்பு 12 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியது, தடிமன் 800 மீட்டருக்கும் மேல் குறைந்தது. மியூர் பனியாறு இப்போது கடலைத் தொடுவதே இல்லை. கடலைத் தொடாத பனியாற்றிடம் கப்பலுக்கு வேலையில்லை. ஆகவே நலிந்தது எதுவோ அது தானாகவே பயணத் திட்டத்திலிருந்து விழுந்துவிடுகிறது. ஒரு வீட்டில் நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளையை மட்டும் கூடத்துக்கு அழைத்துவந்து காட்டினால் வந்த உறவினர் அந்த வீட்டைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு திரும்புவாரோ, அதே நினைப்போடுதான் கப்பல் பயணியும் திரும்புகிறார்.

இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. பனி இருக்கும் இடத்துக்குத்தான் பனி பார்க்கப் போக முடியும். ஆனால் விளைவு விளைவுதான். மார்ஜரி முன்னால் தூண் சரியும்போது தளத்தில் இரண்டு பேச்சுகள் கேட்கும். ஒன்று, புவி வெப்பமாவது கண்ணெதிரே நடக்கிறது என்பது. இன்னொன்று, கார் வருவதற்கு முன்பே 1750-இலிருந்து இது உருகிக்கொண்டுதானே இருக்கிறது, இதெல்லாம் இயற்கை என்பது. இரண்டும் பிழை.

கடலில் முடியும் பனியாறு நலமாக இருந்தாலும் உடைந்துகொண்டேதான் இருக்கும். பின்னாலிருந்து வரும் பனி முன்னால் விழத்தான் வேண்டும். அது நலிகிறதா என்பது, மேலே விழும் பனி கீழே இழப்பதை ஈடுகட்டுகிறதா என்பதைப் பொறுத்தது. மேலும், இப்படிப்பட்ட பனியாறு தன் முகப்புக்குக் கீழே தானே தள்ளிக்கொண்டுவந்த கல்மண் திட்டின் மேல் ஊன்றி நிற்கிறது. ஏதோ ஒரு காலத்தில் சற்றே பின்வாங்கி அந்தத் திட்டைவிட்டு நழுவினால் பின்னால் ஆழமான நீர். ஆழத்தில் பனி வெகுவேகமாக உடையும், அடுத்த ஆழமற்ற இடம் கிடைக்கும்வரை நிற்காது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கிளேசியர் பேயின் பனி அத்தனை வேகமாக விலகியதற்கு, சிறு பனியுகம் எனப்படும் அன்றைய குளிர்காலகட்டத்தின் முடிவோடு இந்த ஆழமும் காரணம். ஆகவே அன்றைய பின்வாங்கலை எடுத்துவைத்து இன்றைய நிலையை மறுக்க முடியாது. அன்று நடந்தது வேறு, இன்று அலாஸ்கா முழுவதும் நடப்பது வேறு.

இன்றைய நிலைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, அலாஸ்காப் பனியாறுகள் ஆண்டுக்கு 75 பில்லியன் டன் அளவுக்குப் பனியை இழந்துவந்ததாகக் கண்டது. அதில் கடலில் முடியும் பனியாறுகளின் பங்கு வெறும் 6 சதவீதம். மீதமெல்லாம் நிலத்திலும் ஏரியிலும் முடியும் பனியாறுகள் கோடை வெயிலில் மேற்பரப்பு உருகி இழப்பது. முழக்கமில்லை, சரிவில்லை, கைதட்ட எதுவுமில்லை. கப்பல் காட்டும் காட்சி முழுவதும் அந்த 6 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் மார்ஜரியைப் பார்த்துத் திரும்புகிறவர், பார்த்ததை வைத்தே தவறாகப் புரிந்துகொண்டு திரும்புகிறார் என்பேன்.

குறையைச் சொன்னவன் நிறையையும் அதே கறாரோடு சொல்ல வேண்டும். குடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்கள்தான் வரலாம். இந்தக் கட்டுப்பாடு சும்மா வந்துவிடவில்லை. 1978-இல் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் கோடை நடுவில் குடாவைவிட்டு வெளியேறியதைக் கண்டுதான் மறு ஆண்டு கப்பல்களுக்கு விதிகள் வந்தன. 1990-களில் எண்ணிக்கையை உயர்த்தினார்கள். பாதுகாப்பு அமைப்பு ஒன்று வழக்குப்போட்டது. சூழல் தாக்க அறிக்கை இல்லாமல் உயர்த்தியது செல்லாதென்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கோடையில் குடாவின் வாயருகே கருவுற்றிருந்த திமிங்கிலம் ஒன்று கப்பல் மோதி இறந்தது. அந்த மோதல் தொடர்பான வழக்கு 2007-இல் 7,50,000 டாலர் செலுத்துவதில் முடிந்தது. இன்று திமிங்கிலங்கள் கூடும் பகுதிகளில் வேகத்தை மணிக்கு 13 கடல் மைலுக்குள் கட்டுப்படுத்துகிறார்கள். கடல்நாய்கள் பனிக்கட்டிகளின் மேல் குட்டிபோடும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கிளைக்குள் மே முதல் ஆகஸ்ட் முடிய பெரிய கப்பல்கள் போகக்கூடாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தக் கதவு திறப்பதில்லை. பக்கத்தில் உள்ள ஜூனோ நகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் 16 லட்சம் பயணிகள் வந்து இறங்கும் அந்த ஊர், நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்ற வரம்பை 2024-இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த வகையில் கிளேசியர் பே வெகுதூரம் முன்னால் நிற்கிறது. மார்ஜரியின் முன் நின்று ஒன்றரை நொடி கழித்து வரும் முழக்கத்தை இன்றும் தெளிவாகக் கேட்க முடிகிறதென்றால் அது இந்த விதிகளின் கொடை.

ஹூனா மக்களின் பங்கை எடைபோடுவது இன்னும் கடினம். பனி தள்ளிவிட்ட தாய்மண்ணுக்கு, பனி விலகியதும் அவர்கள் திரும்பிவந்து வேட்டையாடினார்கள், மீன் பிடித்தார்கள், கடற்காக முட்டை சேகரித்தார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற பெயரில் ஒவ்வொன்றாக அவை தடுக்கப்பட்டன. முட்டை சேகரிக்கும் உரிமையைத் திரும்பப் பெற 2014-இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. 2016-இல் பார்ட்லெட் கோவில் அவர்களுடைய மூதாதையர் இல்லம் திறக்கப்பட்டது. சிவப்பும் கறுப்பும் தீட்டிய அதன் மரமுகப்பு கடலைப் பார்த்து நிற்கிறது. கப்பல் பயணிகள் அந்தக் கரையைக் கடந்தே போகிறார்கள், இறங்குவதில்லை. பல கப்பல்களில் ரேஞ்சர்களோடு டிலிங்கிட் பண்பாட்டு வழிகாட்டியும் ஏறுகிறார். தன் பாட்டன்மாரின் ஊர் இந்த நீருக்கு அடியில் எங்கே இருந்ததென்று ஒருவர் தன் வாயாலேயே சொல்லக் கேட்பது பெரிய பேறு. ஆனால் அவர் ஏறாத கப்பலில், அவர்களுடைய தாயகம் வெறும் நிலக்காட்சியாகக் கடந்துபோகிறது. அருகிலுள்ள ஹூனா ஊரில் 2004 முதல் ஹூனா மக்களின் நிறுவனமே கப்பல்துறை நடத்துகிறது. அங்கே நிற்கும் கப்பலாவது அவர்கள் கைக்கு நேரடியாக ஏதோ சேர்க்கிறது.

இனி விலை. பயணக் கட்டணத்தைச் சொல்லவில்லை. 2,000 கிலோமீட்டர் கப்பல் பயணம் ஒன்றில், ஆகத் திறமையான நிறுவனத்தின் கப்பலிலேயே, ஒரு பயணிக்கு ஏறக்குறைய 500 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும் என்று தூய போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் கணக்கிட்டது. விமானத்தில் போய் விடுதியில் தங்கினால் ஆவதைவிட இது இருமடங்கு. இன்னொரு ஆய்வு, 2018-இல் வந்தது: வெளியாகும் ஒவ்வொரு கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கும் நீண்ட காலத்தில் உலகப் பனியாறுகள் சுமார் 15 கிலோ பனியை இழக்கும் என்கிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தேன். ஒரு பயணிக்கு ஏழரை டன் பனி. அலாஸ்காவுக்கான ஒருவார வழித்தடங்கள் 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். வான்கூவருக்கோ சியாட்டிலுக்கோ வந்துசேரும் விமானப் பயணம் தனிக்கணக்கு.

மறைவதற்குள் பார்த்துவிடுங்கள் என்று அழைக்கும் விளம்பரங்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் மனம் ஒப்பவில்லை. மறைவதை விரைவுபடுத்தும் வண்டியில் ஏறி, மறைகிறதே என்று வருந்துவது நேர்மையான காரணம் ஆகாது. போக வேண்டுமென்றால் அறிந்துகொள்ளப் போகலாம், அந்த மக்களின் குரலைக் கேட்கப் போகலாம். கடைசி வாய்ப்பு என்பதற்காகப் போகாதீர்கள்.

என் தீர்ப்பு இது. கிளேசியர் பேயில் கழியும் அந்த ஒரு நாள், கட்டுப்பாடும் வழிகாட்டலும் சேர்ந்து அமைந்த, மதிக்கத்தக்க நாள். அதைச் சுற்றிக் கட்டப்பட்ட ஏழு நாள் சொகுசுப் பயணத்துக்கு அந்த மதிப்பைக் கடன் கொடுக்க நான் தயாரில்லை. நடக்க முடிகிறவர்கள் ஜூனோவிலிருந்து சிறு விமானத்தில் குஸ்டேவஸ் என்ற ஊருக்குப் போய், பார்ட்லெட் கோவிலிருந்து புறப்படும் ஒருநாள் படகில் ஏறுவதே மேல். அதே மார்ஜரிக்குப் போகலாம், சவுத் மார்பிள் தீவின் கடற்சிங்கங்களை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம், மூதாதையர் இல்லத்தின் முன் நிற்கலாம், காட்டுக்குள் நடக்கலாம். ஆனால் முதியோருக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் பெரிய கப்பல்தான் வழி. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மூர்ப் பெற்றோர் பலரை அலாஸ்காக் கப்பலில்தான் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பயணச்சீட்டு எடுக்கும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அலாஸ்கா போகும் கப்பல்கள் எல்லாம் கிளேசியர் பேக்குள் போவதில்லை, அனுமதி பெற்றவை சிலவே. அப்படிப் போகும் கப்பல் கிடைத்தால் அன்று காலை அம்மா அப்பாவைச் சிற்றுண்டிக்கு முன்பே மேல்தளத்தில் உட்காரவையுங்கள். காட்டிலிருந்து வெறும்பாறைவரை கரை மாறுவதை அவர்கள் பார்க்கட்டும். மார்ஜரியின் முன் நிற்கும்போது வலப்பக்கக் கறுப்புச் சரிவையும் காட்டுங்கள்.

பூங்கா நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை உண்டு. மியூர் பனியாற்றைப் பற்றி ரேஞ்சர் எவ்வளவு சொல்வார் என்பது அன்று ஏறும் ஆளைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. மார்ஜரியின் முன் கப்பல் நிற்கும் நேரத்தில், 1941, 2004 படங்கள் இரண்டையும் தளத்தில் உள்ள பெரிய திரையில் காட்ட வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதிவிடலாம்.